லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்! – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். விளக்கை அணைத்த பிறகும் சாதாரண அறை வெப்பநிலையிலேயே தொடர்ந்து ஒளிவிடும், கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய நானோ பொருட்களைச் சீக்கிரம் கெட்டுப்போகாதபடி தயாரிக்க உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள் மெனக்கெடுகின்றன என்று நாலு வரி. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. கூரையில் ஒட்டும் நட்சத்திரத்திலிருந்து தாத்தாவின் கைக்கடிகாரம் வரை கேட்டிருக்கிறீர்கள். சிலர் பெயர் போட வேண்டாம் என்றதால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும்.

திருநெல்வேலி வாசகி: மகனுடைய அறையில் இருட்டில் மின்னும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினோம். படுக்கும்போது பளபளவென்று இருக்கிறது, கால் மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. அக்கா வீட்டில் இருப்பதோ விடியற்காலையில்கூடத் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா? இதில் ரேடியம் இருக்கிறது என்கிறார்களே, பிள்ளைக்கு ஆபத்தா?

ரேடியம் இல்லை, பயப்படாதீர்கள். ஏமாந்தீர்களா என்றால், கொஞ்சம். உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாகத் துளி செம்பு கலந்த துத்தநாக சல்பைடு. மலிவான சரக்கு, பொம்மைகளில் காலங்காலமாகப் போடுவது. அக்கா வீட்டில் இருப்பது ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டாக இருக்கும். ஜப்பானில் நெமோட்டோ என்ற நிறுவனத்தார் 1993இல் கண்டுபிடித்தது அது. அதில் யூரோப்பியம், டிஸ்புரோசியம் என்று இரண்டு தனிமங்களைச் சிட்டிகையளவு சேர்க்கிறார்கள், பழைய துத்தநாகச் சரக்கைவிடப் பிரகாசமும் நேரமும் ஏறத்தாழப் பத்து மடங்கு.

உள்ளே நடப்பது இதுதான். விளக்கு வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான்கள் துள்ளி எழுகின்றன, எழுந்தவற்றில் சில படிகத்துக்குள் இருக்கும் குழிகளில் விழுந்து மாட்டிக்கொள்கின்றன. அறையின் சூடுதான் அவற்றை ஒவ்வொன்றாகக் குழியிலிருந்து தூக்கிவிடுகிறது. வெளியே வந்தது தன் இடத்துக்குத் திரும்பும்போது பச்சை வெளிச்சமாக ஆற்றலைக் கொட்டுகிறது, அலைநீளம் சுமார் 520 நானோமீட்டர். குழி ஆழம் குறைவென்றால் எல்லாம் சீக்கிரம் வெளியேறிவிடும், கால் மணி நேரத்தில் கடை மூடியாயிற்று. சரியான ஆழம் அமைந்தால் ராத்திரி முழுக்க வியாபாரம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நட்சத்திரத்தை விளக்கில் நன்றாகக் காட்டிவிட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பத்து நிமிடம் கழித்து இருட்டில் எடுத்துப் பார்த்தால் செத்துப்போன மாதிரி மங்கிக் கிடக்கும். அதை அப்படியே வெந்நீரில் போடுங்கள், குபீரென்று பிரகாசிக்கும். குளிரில் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே ஓடி வருகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இதற்கு நேர் எதிராக நடக்கிற ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறோம்.

ரேடியம் என்ற பெயர் நம் ஊரை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. பைக் நம்பர் பிளேட்டுக்கு "ரேடியம் ஸ்டிக்கர்" ஒட்டுகிறார்களே, அதில் ரேடியமும் இல்லை, அது தானாக ஒளிர்வதும் இல்லை. எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் ஸ்டிக்கர், அவ்வளவுதான்.

காரைக்குடி வாசகர்: தாத்தா வைத்திருந்த வெளிநாட்டுக் கைக்கடிகாரத்தில் முள் இருட்டில் ஒளிருமாம். இப்போது ஒளிர்வதில்லை. ரேடியம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருடம், தாத்தா காலத்தில் பூசியது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தேய்ந்துபோனது அதோடு கலந்த துத்தநாக சல்பைடு. கதிர்வீச்சின் அடியை வருடக்கணக்கில் வாங்கி அதன் படிகம் கெட்டுவிடும். ஆக, வெளிச்சம் போய்விட்டது, விஷம் இருக்கிறது. எல்லாப் பழைய கடிகாரத்திலும் ரேடியம் இருந்ததாக அர்த்தமில்லை, ஆனாலும் பின்மூடியைத் திறந்து சுரண்டிப் பார்க்கிற வேலை வேண்டாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரில் 1917 முதல் இந்தப் பூச்சை டயலில் தீட்டிய இளம்பெண்கள் தூரிகை நுனி கூராக வர வேண்டும் என்று உதட்டில் வைத்து வைத்துத் தீட்டினார்கள். அவர்களில் பலர் தாடை எலும்பு உதிர்ந்து செத்தார்கள். அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்ததே வேலை கொடுத்தவர்கள்தான்.

ஈரோடு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்: ஒளிர்தல், நின்றொளிர்தல் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒற்றை நிலை, மும்மை நிலை, "தடைசெய்யப்பட்ட மாற்றம்" என்று புத்தகத்தில் இருக்கிறது. மனப்பாடம் செய்துவிட்டேன், புரியவில்லை.

மனப்பாடம் செய்ததை ஒளிக்காமல் சொன்னதற்கே உனக்குப் பாதி மார்க் தம்பி. நின்றொளிர்தல் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனி, பாடநூலில் நான் பார்த்த நல்ல சொற்களில் ஒன்று, விடை அதற்குள்ளேயே இருக்கிறது. எலக்ட்ரான் வழியில் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

கோயில் வாசலில் விட்ட ஒரு ஜோடிச் செருப்பை நினைத்துக்கொள். இடது ஒன்று, வலது ஒன்று. ஒரு மூலக்கூறில் ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு எலக்ட்ரான்களும் அப்படித்தான், ஒன்றின் தற்சுழற்சி மேல்நோக்கி என்றால் மற்றதற்குக் கீழ்நோக்கி. ஒரே மாதிரி இரண்டு அங்கே இருக்கவே கூடாது. இப்போது வெளிச்சம் பட்டு ஒன்று மேலே போகிறது. போன வேகத்தில் அப்படியே திரும்பினால் ஜோடி சேர்ந்துவிடும், சில நானோ நொடியில் கதை முடிந்தது. ஜோடி மாறாமல் மேலே இருக்கும் இந்த நிலைதான் ஒற்றை நிலை, அதிலிருந்து இறங்கும்போது வருவதுதான் ஒளிர்தல். புறஊதா விளக்கில் காட்டினால் ரூபாய் நோட்டின் எண்கள் மின்னுவதும், விளக்கை எடுத்ததும் அதே கணம் அணைந்துவிடுவதும் அதனால்தான்.

சில மூலக்கூறுகளில் மேலே போன எலக்ட்ரான் அங்கே சுழற்சியை மாற்றிக்கொண்டுவிடும். இடது செருப்பாகப் போனது வலதாகிவிட்டது, கீழே காத்திருப்பதும் வலது. இறங்க முடியாது. இதுதான் மும்மை நிலை, தடை என்று புத்தகம் சொல்வது இந்தச் சங்கடத்தைத்தான். ஆனால் நூறு சதவீதத் தடை இல்லை. எப்போதாவது ஒரு சந்தர்ப்பத்தில் மறுபடி சுழற்சி மாறி இறங்கும், அந்தச் சந்தர்ப்பம் வாய்க்க மைக்ரோ நொடியும் ஆகலாம், சில நொடிகளும் ஆகலாம். புரோமின், அயோடின் மாதிரிக் கனமான அணு பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் மாறும். இந்த நிலை மும்மை நிலைதான் என்று 1944இல் அடித்துச் சொன்னவர்கள் பெர்க்லியில் இருந்த கில்பர்ட் லூயிஸும் மைக்கேல் காஷாவும்.

இன்னொன்று, கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி அம்மா வீட்டு நட்சத்திரத்தில் நடப்பது குழியில் விழுந்த கதை, இது செருப்பு மாறிய கதை. இரண்டையும் ஒரே பெயரில் சொல்வது வழக்கமாகிவிட்டது. பரீட்சையில் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்காதே, மும்மை நிலை என்று மட்டும் எழுது.

வேலூர் வாசகர்: "அறை வெப்பநிலையில்" என்பதை ஏன் பெரிய சாதனை மாதிரிச் சொல்கிறார்கள்? எல்லாமே அறையில்தானே இருக்கிறது?

வேலூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். சித்திரை மாதத்து வேலூர் அறை இதில் சேர்த்தியா என்பதை நானும் யோசிக்கிறேன்.

முன்னே சொன்ன ஃப்ரீசர் சோதனையில் குளிர் வந்ததும் வெளிச்சம் படுத்துவிட்டது அல்லவா? மும்மை நிலையில் காத்திருக்கும் கரிம மூலக்கூறுகளுக்கு அப்படியே தலைகீழ், குளிர் என்றால் கொண்டாட்டம். அதனால்தான் பல காலமாக இந்த ஆராய்ச்சியே திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், உறைந்த கண்ணாடி போன்ற கரைசலில் நடந்துகொண்டிருந்தது. வெளியே எடுத்தால் வெளிச்சம் போச்சு.

போவதற்கு இரண்டு காரணம். ஒன்று அசைவு. அறைச் சூட்டில் மூலக்கூறு சும்மா இருக்காது, வளையும், முறுக்கும், அதிரும். காத்திருக்கும் எலக்ட்ரானின் ஆற்றல் இந்த ஆட்டத்தில் வெப்பமாகக் கரைந்துவிடும். இரண்டாவது ஆக்சிஜன். நாம் மூச்சு விடும் ஆக்சிஜன் மூலக்கூறு இயல்பிலேயே மும்மை நிலையில் இருப்பது, அதாவது ஒரே கால் செருப்பு இரண்டோடு ஊர் சுற்றுகிற ஆள். நம் மூலக்கூறு காத்துக்கொண்டு நிற்கும்போது அது வந்து செருப்பை மாற்றிக்கொண்டு போய்விடும், ஆற்றலும் அதனோடு போய்விடும். நானோ நொடியில் முடிகிற ஒளிர்தலை ஆக்சிஜன் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, வந்து சேர்வதற்குள் வேலை முடிந்திருக்கும். ஒரு நொடி காத்திருப்பவனைப் பிடிக்க அதற்கு எவ்வளவு அவகாசம் பாருங்கள்.

ஆகவே ஆள் ஆடாமல் இருக்கவும் வேண்டும், காற்று உள்ளே வராமலும் இருக்க வேண்டும், அதுவும் குளிர்சாதனம் இல்லாமல். மூலக்கூறுகளை நெருக்கமான படிகமாக அடுக்கினால் இரண்டும் நடக்கிறது என்பது 2010ஐ ஒட்டித்தான் பளிச்சென்று தெரிய வந்தது. 2015இல் சீனாவின் நாஞ்சிங்கில் ஹுவாங் வெய் குழு 1.35 நொடி ஆயுள் வரை கொண்டுபோனார்கள். ஆயுள் என்பது வெளிச்சம் 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம், முழுக்க அணையும் நேரம் இல்லை. கண்ணுக்கு அதைவிட அதிக நேரம் தெரியும். 2017இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் கபேயும் அடாச்சியும் இரண்டு கரிமப் பொருட்களை உருக்கிக் கலந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஒளிர வைத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால் அது ஆக்சிஜன் படாத இடத்தில் மட்டும். ஜன்னலைத் திறந்தால் தீர்ந்தது.

என்னைக் கேட்டால் இந்தத் துறையில் ஒளிர வைப்பதை வைத்து மட்டும் பாராட்டக் கூடாது. ஈரத்திலும் காற்றிலும் எத்தனை நாள் தாங்கியது என்று கேட்டுவிட்டுப் பாராட்டலாம்.

சிதம்பரம், ஆராய்ச்சி மாணவி: கார்பன் டாட் வைத்து வேலை செய்கிறேன். புறஊதா டார்ச்சில் கரைசல் நீலமாக அருமையாக ஒளிர்கிறது, டார்ச்சை அணைத்தால் ஒன்றுமே இல்லை. காய வைத்துப் பார்த்தால் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. என் கைடு "மறுபடி செய்" என்கிறார். எங்கே தப்பு?

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கார்பன் டாட் என்பது சில நானோமீட்டரே இருக்கும் கரித்துகள். 2004இல் அமெரிக்காவில் கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் கழிவாக வந்த கரியில் ஏதோ ஒளிர்கிறதே என்று கவனித்ததில் வெளிப்பட்டது. காட்மியம், ஈயம் போன்ற நச்சு எதுவும் இல்லை, மளிகைக் கடைச் சாமானிலேயே செய்யலாம் என்பதால் நம் கல்லூரிகளில் எலுமிச்சை, வாழை, கறிவேப்பிலை என்று எதையும் யாரும் விட்டு வைக்கவில்லை.

சில வருடம் முன்பு நண்பர் ஒருவர் வேலை பார்க்கும் கல்லூரி லேபில் நானும் ஒருமுறை உட்கார்ந்தேன். சிட்ரிக் அமிலம் (நம் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பது), யூரியா, கொஞ்சம் தண்ணீர், மைக்ரோவேவில் சில நிமிடம். வெல்லப்பாகு நிறத்தில் பொங்கி வந்தது, வாசனை மட்டும் வெல்லத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லை. அதைக் கரைத்து வடிகட்டி, வடிதாளில் சொட்டு விட்டு ஓவனில் காய வைத்தோம். டார்ச் அடித்தால் நீலம், அணைத்த பிறகு ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் மங்கிப் போகும் ஒரு பச்சை. மழைக்காலம் அது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து வேறொருவருக்குக் காட்டலாம் என்று டார்ச் அடித்தால் பச்சையைக் காணோம். நண்பர் சிரித்துக்கொண்டே ஹேர் டிரையரை எடுத்து அந்தத் தாளின் மேல் ஒரு நிமிடம் பிடித்தார், பச்சை திரும்பி வந்துவிட்டது. தாளின் செல்லுலோஸ் இழைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் துகள்களை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, காற்றின் ஈரம் அந்தப் பிடியில் புகுந்து தளர்த்திவிடுகிறது. தாளில் ஒட்டிய மூலக்கூறுகள் அறை வெப்பநிலையிலேயே நின்றொளிரும் என்பது 1970களின் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம்தான்.

உன் தப்பும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன் அம்மா, சிதம்பரம் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஒவ்வொரு முறையும் காய வைத்த நேரத்தையும் அன்றைய காற்றின் ஈரப்பதத்தையும் நோட்டில் எழுதிப் பார், வந்த நாளும் வராத நாளும் பிரிந்துவிடும்.

பிடியை இறுக்க வழிகள் உண்டு. பாலிவினைல் ஆல்கஹால் படலத்தில் பொதிவது 2013 முதல் இருக்கிறது, சுலபம், ஆனால் தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக் அது. போரிக் அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்குவது இன்னொன்று. போரிக் அமிலம் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், கேரம் போர்டில் தூவுகிற பவுடர் பெரும்பாலும் அதுதான். சூட்டில் நீர் வெளியேறி அது கண்ணாடி மாதிரி இறுகும்போது துகள் அதற்குள் அசைய முடியாமல் மாட்டிக்கொள்ளும். முன்னே சொன்ன லூயிஸ் 1941லேயே போரிக் அமிலக் கண்ணாடிக்குள் சாயத்தை வைத்துத்தான் நின்றொளிர்தலைப் படித்தார். காற்றும் அவ்வளவாக உள்ளே போகாது. ஆனால் போரான் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும், நாள்பட்டால் மேல்பகுதி பூத்துப்போகும்.

2018இல் சீனாவில் எத்தனாலமைனையும் பாஸ்பரிக் அமிலத்தையும் மைக்ரோவேவில் வைத்து, வெளியே எதிலும் பொதியாமலே 1.46 நொடி ஆயுள் உள்ள துகளைக் கிராம் கணக்கில் எடுத்தார்கள். துகளே தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. தண்ணீரில் போட்டாலும் ஒளிர வேண்டும் என்றால் இப்போதைக்கு நல்ல வழி சிலிக்கா. துகளைச் சுற்றி மணலின் அதே சிலிக்கான்–ஆக்சிஜன் வலையைப் பின்னிவிடுவது. வலை அடர்த்தியாக அமைந்தால் நீரும் ஆக்சிஜனும் வெளியே நிற்கும், அரைகுறையாக அமைந்தால் முதல் நாள் ஒளிர்ந்து மூன்றாம் நாள் ஏமாற்றும். பெங்களூரில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் சுபி ஜார்ஜ் குழுவினர் 2018இல் வேறு வழி பிடித்தார்கள். லாபோனைட் என்ற செயற்கைக் களிமண்ணின் தட்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 25 நானோமீட்டர் அகலம், 1 நானோமீட்டர் கனம், அவற்றில் மூலக்கூறுகளை ஒட்ட வைத்துத் தண்ணீருக்குள்ளேயே நின்றொளிர வைத்தார்கள். உன் கைடு படித்திருப்பார், நீயும் படி. மற்றபடி "மறுபடி செய்" என்பதில் அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நாகப்பட்டினம், வேதியியல் ஆசிரியை: நானோ என்றாலே எல்லாம் மேம்படும் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டை நானோ ஆக்கினால் இன்னும் நன்றாக ஒளிருமா? அப்புறம், பொருள் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது என்பது சரிதானா?

முதல் கேள்விக்கு: மங்கும். அந்தப் பொருள் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுப்பது, படிகம் பெரிதாக வளர்ந்தால்தான் நல்ல வெளிச்சம். அரைத்துப் பொடியாக்க ஆக்க மேற்பரப்பு கூடுகிறது, மேற்பரப்பு முழுக்கக் குறைகள், ஆற்றல் அந்தக் குறைகளில் வீணாகிறது. போதாக்குறைக்கு அது தண்ணீர் பட்டால் ஹைட்ராக்சைடாகச் சிதையும் பொருள், பொடி நுண்ணியதாக ஆகச் சிதைவும் வேகம். பெயின்ட்டில் கலப்பவர்கள் துகளுக்கு மேல் ஒரு பூச்சு கொடுத்துத்தான் கலக்கிறார்கள்.

இரண்டாவதற்கு ஒரு கதை. கார்பசோல் என்ற பொருளை வைத்து நீண்ட நேரம் ஒளிரும் கரிமப் படிகங்களை உலகம் முழுக்கச் செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் கடையில் வாங்கிய கார்பசோல். ஏன் ஒளிர்கிறது என்பதற்கு மூலக்கூறுகள் அடுக்கப்பட்ட விதத்தை வைத்து அழகழகான விளக்கங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் லியூ பின் குழுவினர் கார்பசோலைத் தாங்களே லேபில் தயாரித்து அதே படிகங்களைச் செய்தார்கள். நீண்ட ஒளிர்வு கிட்டத்தட்டக் காணாமல் போயிற்று! கடைச் சரக்கைத் துருவிப் பார்த்தால் அதில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாக ஒரு மாற்றியம், அதே அணுக்கள், அதே எடை, வளையங்கள் சேர்ந்திருக்கும் விதம் மட்டும் வேறு. அந்தத் துளிக் கலப்படம்தான் ஒளிர்வுக்குக் காரணம். அதைத் திருப்பிச் சேர்த்ததும் வெளிச்சம் திரும்பி வந்தது. 2021இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் இது அச்சானபோது எத்தனை பேர் தங்கள் பழைய பாட்டில்களின் லேபிளைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள்!

ஆனால் இது புதுக் கதையும் இல்லை. 1600களின் தொடக்கத்தில் இத்தாலியின் பொலோனியாவில் காஷியரோலோ என்பவர் மலையடிவாரத்தில் கிடைத்த பாரைட் கல்லைக் கரியோடு சுட்டார், தங்கம் வரும் என்று. வரவில்லை, இருட்டில் ஒளிரும் கல் வந்தது. அது ஒளிர்வதற்குக் கல்லில் இயற்கையாகவே கலந்திருந்த துளிச் செம்புதான் காரணம் என்று தெளிவானது 2012இல்தான். நானூறு வருடம். காஷியரோலோ தொழிலில் செருப்புத் தைப்பவர். மேலே செருப்பு உதாரணம் சொன்னபோது அவரை நினைத்துச் சொல்லவில்லை, இதை எழுதும்போதுதான் உறைத்தது.

கிள்ளான், மலேசியா வாசகர்: எங்கள் நாட்டில் சாலைக் கோடுகளை இருட்டில் ஒளிரும் பெயின்ட்டில் போட்டார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். நல்ல யோசனைதானே, ஏன் நிறுத்த வேண்டும்?

உங்கள் சிலாங்கூர் மாநிலத்துச் செமினியில் 2023இல் 245 மீட்டருக்குப் போட்டதைச் சொல்கிறீர்கள். தெருவிளக்கு இல்லாத இடம், படங்களும் வீடியோக்களும் எல்லார் போனிலும் வந்தன, நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். 2024 நவம்பரில் பொதுப்பணித் துணை அமைச்சர் நாடாளுமன்றத்தில் கணக்கைச் சொன்னார். சதுர மீட்டருக்கு 749 ரிங்கிட், சாதாரணப் பெயின்ட் 40 ரிங்கிட். நிபுணர்களுக்கும் திருப்தி இல்லை என்றார். கிட்டத்தட்ட பத்தொன்பது மடங்கு விலை கொடுத்து, மழை, சூடு, லாரி டயர் மூன்றும் சேர்ந்து தேய்க்கிற இடத்தில், தண்ணீர் பட்டால் சிதைகிற பொருளைப் பூசுவது எனக்கு என்னவோ முதலிலிருந்தே ஒட்டவில்லை. சாதாரணச் சாலைப் பெயின்ட்டில் கண்ணாடி மணி தூவினால் ஹெட்லைட்டில் நன்றாகத்தான் தெரிகிறது.

இதே பொருள் கட்டடத்துக்குள் அருமையாக வேலை செய்கிறது. நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தில் 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு மாடிப்படிகளில் ஒளிரும் பூச்சு அடித்தார்கள், 2001இல் தப்பி இறங்கியவர்களுக்கு அது உதவியது. அதன் பிறகு அந்த நகரத்து உயரமான அலுவலகக் கட்டடங்களின் படிக்கட்டுகளில் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். மழை இல்லை, லாரி இல்லை, பகல் முழுக்க விளக்கு எரிகிறது, கரண்ட் போனால் ஆட்கள் இறங்கி முடிக்கும் வரை தெரிந்தால் போதும்.

மதுரை, செவிலியர்: உடம்புக்குள் செலுத்திப் படம் எடுக்க இதைப் பயன்படுத்தலாம் என்று படித்தேன். ஒளிரும் சாயங்கள்தான் ஏற்கனவே இருக்கின்றனவே?

இருக்கின்றன. அவற்றோடு ஒரு தொல்லை, அவை ஒளிர வேண்டுமென்றால் படம் எடுக்கும் நேரம் முழுக்க மேலே வெளிச்சம் பாய்ச்ச வேண்டும், அப்போது தோலும் தசையும்கூடத் தாங்களாகக் கொஞ்சம் ஒளிரும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது அல்லவா? வாசிப்பை நிறுத்தினால் கேட்கும். நின்றொளிரும் துகள் என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் படம் எடுக்கலாம், பின்னணி முழுக்க இருட்டு.

பாரிஸில் ஒரு குழு 2007இல் எலிகளில் இதைச் செய்து காட்டியது, துகளை வெளியே ஒளியேற்றி உள்ளே செலுத்தினார்கள். ஒளி தீர்ந்தால் தீர்ந்ததுதான். 2014இல் அதே ஊரில் குரோமியம் கலந்த துத்தநாக கேலேட் நானோதுகளைக் கொண்டுவந்தார்கள். அது சிவப்பின் கடைக்கோடியில், சுமார் 700 நானோமீட்டரில் ஒளிர்கிறது, சதையை ஓரளவு ஊடுருவி வெளியே வரும் நிறம். உள்ளே இருக்கும்போதே தோலுக்கு வெளியே சிவப்பு எல்இடி காட்டி மறுபடி ஒளியேற்ற முடிந்தது. எல்லாம் எலிகளில். துகள்கள் பெரும்பாலும் கல்லீரலில் போய்ச் சேர்ந்துகொள்கின்றன என்ற பழைய பிரச்சினை இங்கேயும் இருக்கிறது. உங்கள் வார்டுக்கு வர நாளாகும்.

கோவை வாசகர்: என் போனில் "பாஸ்பரசன்ட் ஓஎல்இடி" என்று இருக்கிறதாம். அப்படியென்றால் ஸ்கிரீனை அணைத்த பிறகும் ஒளிர வேண்டாமா?

பாஸ்பரசன்ட் என்றால் நின்றொளிரும் என்றுதான் அர்த்தம், ஓஎல்இடி என்பது மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிமப் பொருளால் ஆன திரை. அணைத்த பிறகும் ஒளிர்கிறது, சில மைக்ரோ நொடி. உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மின்சாரத்தால் கிளரும்போது நான்கில் மூன்று பங்கு மும்மை நிலைக்குத்தான் போகிறது, அதை வீணாக்காமல் இருக்க இரிடியம் என்ற கனமான அணுவை நடுவில் வைத்து எலக்ட்ரானைச் சீக்கிரம் இறங்க வைக்கிறார்கள். மற்றவர்கள் காத்திருப்பை நீட்டப் பாடுபடுகிறார்கள், இவர்கள் சுருக்கப் பாடுபடுகிறார்கள். சிவப்பும் பச்சையும் இப்படி வந்துவிட்டன, நீலத்துக்கு ஆற்றல் அதிகம், பொருள் சீக்கிரம் சிதைகிறது. இத்தனை வருடமாக அதுதான் இழுத்தடிக்கிறது.

தேனி, ஏழாம் வகுப்பு மாணவி: மின்மினிப் பூச்சியும் இப்படித்தானா?

இல்லை கண்ணு. அது தன் வயிற்றுக்குள்ளேயே வேதிவினை நடத்தி வெளிச்சம் உண்டாக்குகிறது, பகலில் வெயில் குடித்து வைக்கத் தேவையில்லை.

தாம்பரம் வாசகர்: இவ்வளவு சொல்கிறீர்களே, எங்கள் வீட்டு எல்இடி பல்பு ஸ்விட்சை அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க மங்கலாக எரிகிறது. இதுவும் நின்றொளிர்தல்தானே? விலை மலிவாகக் கிடைத்தது, நானோ சரக்கு ஏதாவது உள்ளே வைத்திருக்கிறார்களா?

உங்கள் நம்பிக்கையைக் கெடுக்க மனசில்லை. எல்இடி பல்பின் மஞ்சள் பூச்சு கணத்தில் அணைந்துவிடும் ரகம், ராத்திரி முழுக்க எல்லாம் தாங்காது. சோதித்துப் பார்க்க ஒரு வழி, பல்பைக் கழற்றி இருட்டில் கையில் வைத்துப் பாருங்கள். கையிலும் ஒளிர்ந்தால் எனக்கு உடனே எழுதுங்கள், நானே வருகிறேன். கழற்றியதும் சில நொடிகளில் அணைந்துவிட்டால் கோளாறு வயரிங்கில். ஸ்விட்ச், கரண்ட் வரும் பேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரல் வயரில் இருக்கலாம், அல்லது ஸ்விட்சில் இருக்கும் குட்டி இண்டிகேட்டர் வழியாக மின்சாரம் கசியலாம். நியூட்ரலில் இருந்தால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், அதனால் கழற்றுவதற்கு முன்னால் மெயினை அணைத்துவிடுங்கள். அப்புறம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.